வேலூர் மாவட்டம் மூன்றானபோது எங்கள் விக்கியின் பகுப்புகளுக்கு என்ன ஆனது

வேலூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து, பழைய வட ஆற்காட்டு வட்டாரத்துக்கென்று ஒரு விக்கி நடத்தி வருகிறோம். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள்தான், சின்ன சர்வரில் போட்டிருக்கிறோம். ஊர், ஏரி, கோயில், மலை, பள்ளிக்கூடம், டேனரி, பலகாரம் என்று கண்டதையும் கேட்டதையும் ஆளுக்கொரு பக்கமாக எழுதிச் சேர்க்கிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ரயில்வேயில் இருந்தவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், அப்புறம் நான். எழுத எல்லாரும் வருவார்கள், எழுதிய பக்கத்தை எங்கே சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஆள் கிடைக்காது, அதனால் பகுப்பு வேலை, அதாவது ஒன்றோடொன்று தொடர்புள்ள பக்கங்களை ஒரு பெயரின் கீழ் ஒரே பட்டியலில் சேர்க்கும் வேலை, என்னிடம் வந்து சேர்ந்தது. செய்யச் செய்ய இது ரொம்பவே பிடித்துப் போய்விட்டது. எழுதி வைத்த பக்கம் தேடுபவர் கண்ணில் படாமல் கிடந்தால் எழுதியவரின் உழைப்பு வீண் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இந்த வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், ஊர் விக்கியோ பள்ளி விக்கியோ அலுவலக விக்கியோ நடத்துகிற யாருக்கும் பயன்படும்.

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அதுவரை எங்கள் விக்கியில் பெரும்பாலான பக்கங்களின் அடியில் [[பகுப்பு:வேலூர் மாவட்டம்]] என்ற ஒற்றை வரிதான் இருந்தது. ஆற்காட்டுப் பக்கத்திலும் அதுதான், ஏலகிரி மலையிலும் அதுதான், சோளிங்கர் யோக நரசிம்மர் கோயிலிலும் அதுதான். ஒரே நாளில் பாதிக்கு மேல் தப்பாகிவிட்டது! ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, இது இப்போது எந்த மாவட்டம் என்று பார்த்து மாற்ற வேண்டும். ஆனால் காட்பாடியைச் சுற்றியிருந்த ஊர்களை மட்டும், ஒரு பையன் ஆரம்பத்திலிருந்தே வட்டவாரியாகப் பகுத்து வைத்திருந்தான். அந்த ஊர்ப் பக்கங்கள் 'காட்பாடி வட்டம்' என்ற பகுப்பில் இருந்தன, அந்தப் பகுப்பு 'வேலூர் மாவட்டம்' என்ற பகுப்புக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் வழி தெரிந்தது. மற்ற இடங்களும் அப்படி இருந்திருந்தால், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி என்ற நாலு பகுப்புப் பக்கங்களைத் திறந்து தாய்ப் பகுப்பை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று மாற்றினால் வேலை முடிந்திருக்கும், உள்ளே இருக்கும் பக்கங்களைத் தொடவே வேண்டாம். திருப்பத்தூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, ஆம்பூர் வட்டங்களுக்கும் அப்படியே.

அப்போதிருந்து நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: பக்கத்தை அதிகம் மாறாத ஒன்றோடு கட்டு, மாறக்கூடியதை மேலே ஒரே இடத்தில் வை. ஊர் எங்கேயும் நகர்ந்து போகாது, அதற்கு மேலே உள்ள அலுவலகங்கள்தான் மாறிக்கொண்டே இருக்கும். வட்டமும் பிரியத்தான் செய்கிறது, கே.வி.குப்பம் தனி வட்டமானதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் வட்டம் பிரிந்தால் ஒரு மூலைதான் குலையும், மாவட்டம் பிரிந்தால் மொத்த வீடும் குலையும்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனோம். ஊர்ப் பக்கங்களில் வலது பக்கம் வரும் தகவல்பெட்டி வார்ப்புருவில் (ஒரு முறை எழுதிவைத்துப் பல பக்கங்களில் பயன்படுத்தும் அச்சில்) 'வட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'குடியாத்தம்' என்று நிரப்பினால் 'குடியாத்தம் வட்டம்' பகுப்பு தானாக விழும்படி வார்ப்புருவிலேயே எழுதிவிட்டோம். புதிதாக எழுத வருபவர் பகுப்பைப் பற்றி எதுவும் தெரியாமலேயே சரியாகப் பகுத்துவிடுகிறார், பெரிய நிம்மதி. ஒன்றைக் கவனிக்க வேண்டும், வார்ப்புரு போடும் பகுப்பு பக்கத்தின் அடியில் கையால் எழுதிய வரியாக இருக்காது, அதனால் பகுப்பைச் சட்டென்று சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஹாட்கேட் போன்ற கருவியால் அதை நீக்க முடியாது, புதியவர் 'எங்கிருந்து வருகிறது இது' என்று திண்டாடுவார். வார்ப்புருவின் விளக்கப் பக்கத்தில் அதை எழுதி வைத்துவிடுங்கள். மாவட்டம், வட்டம் மாதிரி சந்தேகமில்லாத விஷயத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். 'சமணத் தலங்கள்' மாதிரி யோசித்துப் போட வேண்டிய பகுப்பை வார்ப்புருவிடம் விடக்கூடாது.

அடுத்தது ஆம்பூர் பிரியாணி. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை, ஏனென்றால் பகுப்பு வேலையின் முக்கால்வாசிச் சிக்கல் இதற்குள் இருக்கிறது. 'ஆம்பூர்' என்று ஒரு பகுப்பு இருந்தது. ஆம்பூரைப் பற்றிய எல்லாம் அதில்: ரயில் நிலையம், தோல் தொழில், பிரியாணி. அந்தப் பகுப்பை யாரோ 'நகரங்கள்' என்ற பகுப்புக்குள் வைத்திருந்தார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, ஆம்பூர் நகரம்தானே? ஆனால் பகுப்புகளை மரம்போல விரித்துக் காட்டும் கேட்டகரி ட்ரீ நீட்சியில் (நீட்சி என்பது மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் வசதி) 'நகரங்கள்' என்பதை விரித்துப் பார்த்தால் வேலூர், ஆற்காடு, அரக்கோணம் இவற்றோடு அடியில் ஆம்பூர் பிரியாணியும் வந்து நிற்கிறது. அந்தப் பகுப்பை வைத்து நகரங்களின் பட்டியல் எடுக்கலாம் என்று ஒரு மாணவி முயன்றபோது பிரியாணியும் ரயில் நிலையமும் சேர்ந்தே வந்தன.

பகுப்புகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இனத்தைச் சொல்வது: 'ஏரிகள்', 'நகரங்கள்', 'சிவன் கோயில்கள்'. இதற்குள் வரும் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஏரி, ஒரு நகரம், ஒரு சிவன் கோயில். பொதுவாகப் பெயர் பன்மையில் இருக்கும். இன்னொன்று பொருளைச் சொல்வது: 'ஆம்பூர்', 'பாலாறு', 'தோல் தொழில்', 'வேலூர்க் கோட்டை'. இதற்குள் அதைப் பற்றிய எதுவும் வரலாம். வேலூர்க் கோட்டைப் பகுப்பில் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், இரண்டும் கோட்டைகள் கிடையாது, இரண்டும் கோட்டையைச் சேர்ந்தவை. பொருள் பகுப்பை இனப் பகுப்புக்குள் நுழைத்தால் பிரியாணி நகரமாகிவிடும். நாங்கள் செய்த மாற்றம் சின்னது. 'ஆம்பூர்' என்ற கட்டுரை மட்டும் 'நகரங்கள்' பகுப்பில் போகும், 'ஆம்பூர்' என்ற பகுப்பு 'ஆம்பூர் வட்டம்' பகுப்புக்குள் போகும். 'தோல் தொழில்', 'டேனரிகள்' இரண்டையும் அதே மாதிரி பிரித்தோம். குரோமியக் கழிவு பற்றிய பக்கம் முதலாவதில், ஆலைகள் இரண்டாவதில். இப்போது புதுப் பகுப்பு தொடங்க யார் கேட்டாலும் 'உள்ளே வரப்போகிற ஒவ்வொன்றையும் பார்த்து, இது ஒரு இன்னது என்று சொல்ல முடியுமா?' என்றுதான் முதலில் கேட்கிறேன். முடிந்தால் இனம், முடியாவிட்டால் பொருள்.

சரி, வட ஆற்காட்டுக்கு வருகிறேன். எங்கள் தமிழாசிரியர் ஐயாவுக்கு ஆரணி பக்கம். நான் எல்லாவற்றையும் இன்றைய மாவட்டப்படி அடுக்கிக்கொண்டு போனபோது, ஒரு நாள் கூட்டத்தில் என்னைப் பார்த்து, 'தம்பி, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் எல்லாம் திருவண்ணாமலைன்னு தள்ளிட்டா வட ஆற்காடுன்னு பேரு எதுக்கு வச்சிருக்கோம்? 1989 வரைக்கும் நாங்க வேலூர் கலெக்டர் ஆபீசுக்குத்தானே மனு எடுத்துட்டு வந்தோம்' என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு இரண்டாகி, வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டு மாவட்டங்கள் வந்தன. முதலாவதுதான் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. ஐயாவிடம் இன்னொரு பக்கத்தையும் சொன்னேன்: 'சார், பின்னாடி போகணும்னா 1911 வரைக்கும் தலைமையிடமே சித்தூர்தான். சந்திரகிரி, பலமனேர் எல்லாம் நம்ம மாவட்டம்தான். எதுல நிறுத்தறது?' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்போ ரெண்டையும் தனித்தனியா வை' என்றார். அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை நடக்கிறது.

இன்றைய இடத்தைச் சொல்லும் பகுப்புகள் ஒரு வரிசை. அவை வட்டம் வழியாக மாவட்டத்துக்குப் போகும். 'வட ஆற்காடு மாவட்டம்' என்பது தனிப் பகுப்பு, அதில் அந்த மாவட்டம் மாவட்டமாக இருந்தபோது நடந்தவை, அதன் நிர்வாகம், எல்லை மாற்றங்கள் மட்டும். அந்த மாவட்டத்தில் இருந்த ஒவ்வொரு ஊரையும் அதில் போடுவதில்லை. ஆரணிப் பக்கம் 'ஆரணி வட்டம்' பகுப்பில் இருக்கிறது, கட்டுரையின் வரலாற்றுப் பகுதியிலோ வட ஆற்காடு மாவட்டக் கட்டுரைக்கு இணைப்பு இருக்கிறது. இதையெல்லாம் அந்தப் பகுப்புப் பக்கத்தின் தலையில் நாலு வரியாக எழுதி வைத்தோம்: இதில் என்ன வரும், என்ன வராது, வராதது எங்கே போகும். பகுப்புப் பக்கம் என்றால் தானாக வரும் பட்டியல் மட்டும் என்று நிறையப் பேர் நினைத்து வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அதுவும் எழுதக்கூடிய பக்கம்தான். அந்த நாலு வரி எழுதிய பிறகு அந்தச் சண்டை திரும்ப வரவே இல்லை, புதிதாக வருபவர்களும் கேட்காமலேயே புரிந்துகொள்கிறார்கள்.

ஆட்களுக்கு இது இன்னும் கடினம். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். அப்போது அது வட ஆற்காடு, 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது, இப்போது திருவள்ளூர் மாவட்டம். அவர் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தவர். இத்தனையையும் பகுப்பாகப் போட்டால் பக்கத்தின் அடி முழுக்கப் பகுப்புகளாகவே நிறைந்துவிடும், ஒன்றும் கண்ணில் நிற்காது. எங்கள் வட்டாரத்துக்கு அவர் எப்படி உறவு என்று மட்டும் பார்த்தோம். 'ஊரீஸ் கல்லூரியில் படித்தவர்கள்', 'திருத்தணி', அவ்வளவுதான். குடியரசுத் தலைவர், தத்துவ அறிஞர் என்பதெல்லாம் விக்கிப்பீடியாவில் இருக்கிறது, எங்கள் சின்ன விக்கியில் 'குடியரசுத் தலைவர்கள்' என்று ஒரு ஆளுக்காகப் பகுப்பு தொடங்குவதில் யாருக்கும் லாபமில்லை.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று ஒருவர் போடுவார், 'இராணிப்பேட்டை மாவட்டம்' என்று இன்னொருவர். விக்கிக்கு இரண்டும் வெவ்வேறு பகுப்பு, அது கேள்வியே கேட்காது, இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். கோயில், கோவில் இரண்டும் அப்படியே. 'ஜலகண்டேஸ்வரர்', 'சலகண்டேசுவரர்' என்பது கட்டுரைத் தலைப்பு என்றால் வழிமாற்று (ஒரு பெயரைத் திறந்தால் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் வரி) போட்டுச் சமாளிக்கலாம். பகுப்புக்கு அது நடக்காது, பகுப்புப் பக்கத்தில் வழிமாற்று எழுதினாலும் பழைய பெயரில் போட்ட பக்கங்கள் பழைய பெயரிலேயே கிடக்கும். எது சரியான எழுத்து என்று வாதம் செய்துகொண்டிருக்காமல், ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் அதையே போடுவது என்று முடிவு செய்யுங்கள். பெயர் மயங்கும் இடங்களிலும் கவனம் வேண்டும். திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கிறது, நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூர் இருக்கிறது. வெறுமனே 'திருப்பத்தூர்' என்று பகுப்பு வைத்தால் எந்தத் திருப்பத்தூர் என்று படிப்பவருக்குத் தெரியாது.

தமிழ் விக்கி வைத்திருப்பவர்கள் அகரவரிசையையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மீடியாவிக்கியை நிறுவி அப்படியே விட்டால், பகுப்பில் உள்ள பெயர்கள் யூனிகோடு எண் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) வரிசையில்தான் அடுக்கப்படும். யூனிகோடில் ர-வுக்கு அடுத்து ற, அதன்பிறகுதான் ல. அதனால் எங்கள் ஊர்ப் பட்டியலில் ஆம்பூர், ஆற்காடு, ஆலங்காயம் என்று வந்தது. அகராதிப்படி ஆலங்காயத்துக்குப் பிறகுதான் ஆற்காடு வர வேண்டும். மெய்யெழுத்தும் இப்படித்தான், 'பக்தி' பகலுக்குப் பின்னால் போய்விடும். ஐயா இதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் அகரவரிசை தப்பாக இருக்கலாமா என்று ரொம்ப வருத்தப்பட்டார். விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல் செட்டிங்ஸ் கோப்பில் பகுப்பு வரிசைக்கான அமைப்பைத் தமிழுக்குரிய யுசிஏ (யூனிகோடின் அகரவரிசை முறை) வரிசைக்கு மாற்றி, ஏற்கெனவே உள்ள பக்கங்களுக்காக அப்டேட்-கொலேஷன் என்ற ஸ்கிரிப்டை ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும். சர்வரில் இதற்குத் தேவையான, பிஎச்பி-யின் இன்டில் நீட்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதோடு வரிசைச் சொல்லும் (பட்டியலில் பக்கம் எந்த எழுத்தில் நிற்க வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்) முக்கியம். கோயில் பக்கங்களுக்கு 'அருள்மிகு' என்று தலைப்பு தொடங்கினால் எல்லாம் அகரத்தில் போய்க் குவியும். தலைப்பிலிருந்தே அதை எடுத்துவிடுவது நல்லது. எடுக்க மனமில்லாத இடத்தில் [[பகுப்பு:சிவன் கோயில்கள்|விரிஞ்சிபுரம்]] என்று நெடுங்கோடு போட்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் விரிஞ்சிபுரம் என்ற இடத்தில் போய் நிற்கும். கோயிலை மக்கள் ஊர்ப் பெயரை வைத்துத்தான் தேடுகிறார்கள், சாமி பெயரை வைத்துத் தேடுபவர் குறைவு. முன்னெழுத்தோடு வரும் ஆட்களின் பெயருக்கும் இதே வழிதான், மு. வரதராசனை வகரத்தில் தேடுவார்கள், மகரத்தில் யாரும் தேடப் போவதில்லை.

ஒரு பக்கத்துக்கு எத்தனை பகுப்பு என்று கேட்பார்கள். எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. வள்ளிமலையில் முருகன் கோயிலும் இருக்கிறது, சமணச் சிற்பங்கள் உள்ள குகையும் இருக்கிறது. 'முருகன் கோயில்கள்', 'சமணத் தலங்கள்' இரண்டிலும் அது வரத்தான் வேண்டும், ஒன்றை விட்டால் ஒரு சாரார் தேடி ஏமாந்து போவார்கள். ஆனால் சமணத் தலங்கள் பகுப்பிலிருந்து வருபவர் கட்டுரையைப் படித்தால் சமணம் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். கட்டுரையில் சொல்லாததைப் பகுப்பு சொல்லக்கூடாது, முதலில் பத்தியை எழுது, பிறகு பகுப்பைப் போடு. தாயும் பிள்ளையுமாக இரண்டு பகுப்பை ஒரே பக்கத்தில் போடுவதும் வேண்டாம். 'காட்பாடி வட்டம்' போட்ட பக்கத்தில் 'வேலூர் மாவட்டம்' மறுபடியும் எதற்கு? அதுதான் 2019இல் எங்களுக்கு வேலை வைத்தது. பாலாறு மாதிரி கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, ஆந்திரம் வழியாக வந்து, வாணியம்பாடி பக்கம் நுழைந்து மாவட்டம் மாவட்டமாகப் போகிற ஒன்றை எல்லா மாவட்டப் பகுப்பிலும் ஒட்டாமல், 'பாலாறு' என்று பொருள் பகுப்பு வைத்துப் பாலங்கள், தடுப்பணைகள், மணல் எடுப்பது பற்றிய பக்கங்கள் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தோம்.

பகுப்பு பெருத்துப் போனால் பிரிக்க வேண்டியதுதான். ஒரு பகுப்புப் பக்கம் ஒரு முறைக்கு 200 பக்கங்களைத்தான் காட்டும், அதற்கு மேல் 'அடுத்த பக்கம்' என்ற இணைப்பை அழுத்த வேண்டும், அழுத்திப் பார்ப்பவர் ரொம்பக் குறைவு. எங்கள் 'ஏரிகள்' அப்படித்தான் ஆகப் பார்த்தது, வட்டவாரியாகப் பிரித்தோம். இன்னொரு பக்கம், ஒரே ஒரு பக்கத்துக்காகப் பகுப்பு திறக்கும் ஆர்வமும் உண்டு, அதை மென்மையாகத் தடுக்கிறேன். ஏரிகளைப் பொறுத்தவரை பகுப்பு மட்டும் போதவும் போதாது. பகுப்பு என்பது எழுதிய பக்கங்களை மட்டுமே காட்டும். காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பக்கம் இருக்கிறது, பக்கம் எழுதாத ஏரிகள்தான் அதிகம். அவற்றையும் சேர்த்துப் பரப்பு, பாசன ஊர்கள் என்று அட்டவணையாகக் காட்ட வேண்டுமானால் தனியாகப் பட்டியல் பக்கம்தான் எழுத வேண்டும். மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் குடைவரைப் பகுப்பில் இருக்கிறது, அதன் கல்வெட்டு சொல்லும் ஏரிக்கு இன்னும் பக்கம் எழுதவில்லை. அந்தக் குறை பட்டியலில்தான் சிவப்பு இணைப்பாக, அதாவது இன்னும் எழுதாத பக்கத்துக்கான இணைப்பாகத் தெரிகிறது.

பகுப்பின் பெயரை மாற்றும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பகுப்புப் பக்கத்தை நகர்த்தினால் பெயர்ப்பலகை மட்டும்தான் நகரும், உள்ளே உள்ள பக்கங்கள் பழைய பெயரோடுதான் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தின் வரியையும் மாற்றியாக வேண்டும். கொஞ்சம் என்றால் ஹாட்கேட் போதும். அதிகம் என்றால் பல பக்கங்களை மொத்தமாக மாற்றக்கூடிய ரீப்ளேஸ் டெக்ஸ்ட் நீட்சியோ பைவிக்கிபாட் நிரலோ வைத்துச் செய்யுங்கள், அதற்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்புரு வழியாக வரும் பகுப்பை மாற்றினால் பட்டியல் உடனே மாறாது, வேலைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக நடக்கும். எங்கள் மாதிரி கூட்டமில்லாத விக்கியில் அந்த வரிசை நகர நேரமாகும், ஏனென்றால் யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது ஓடுகிறது. அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தைத் தொகுக்கத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள், அந்தப் பக்கம் மட்டும் உடனே புதிய பகுப்புக்கு வந்துவிடும்.

இப்போது மாதத்துக்கு ஒரு முறை சிறப்புப் பக்கங்களில் மூன்றைப் பார்க்கிறேன்: பகுப்பே இல்லாத பக்கங்கள், யாரோ போட்டுவிட்டுப் பக்கம் தொடங்காத பகுப்புகள், உள்ளே ஒன்றுமே இல்லாத பகுப்புகள். எழுத்துப்பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் சிக்கும். போன முறை 'குடியாத்தம் வட்டம்' என்பதற்குப் பதில் 'குடியாத்தம் வட்டாரம்' என்று ஒரு கல்லூரிப் பெண் போட்டிருந்தார். மாற்றிவிட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதினேன். பதிலுக்கு அவர், குடியாத்தம் கைத்தறி லுங்கி பற்றி எழுத நினைத்திருப்பதாகவும், அது இனப் பகுப்பில் போகுமா பொருள் பகுப்பில் போகுமா என்றும் கேட்டிருக்கிறார்.